எழுத்தாலேயே ஓடும் பலர் விளையாட்டு: நம் மலையை எந்த எஞ்சினில் கட்டுவது? (எல்பிமட் வரலாறும் விவாதமும்)

கேத்திவாசி எழுதியது:

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைவரை மலை ரயில் பாதையையும் அதை ஒட்டிய ஊர்களையும், படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஆன பலர் விளையாட்டாகக் கட்டுவோம் என்று முடிவாயிற்று. எந்த எஞ்சின், அதாவது விளையாட்டை அடியிலிருந்து ஓட்டும் நிரல், என்ற இடத்தில்தான் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது. என் விருப்பம் எல்பிமட். ஏன் என்று கேட்டால் அதன் பிறப்பைச் சொல்லாமல் முடியாது, பொறுமையாகப் படியுங்கள்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் பிடிபி-10 கணினியில் முதல் மட் விளையாட்டை, அதாவது பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் உலகத்தை, எழுதத் தொடங்கினார். 1980இல் ரிச்சர்ட் பார்ட்டில் அதை ஏற்று வளர்த்தார். இது பலருக்கும் தெரிந்த கதை. அடுத்து வந்த இரண்டு எஞ்சின்கள்தான் நமக்கு முக்கியம்.

முதலாவது ஏபர்மட். 1987இல் வேல்ஸ் கடற்கரையில் உள்ள ஏபரிஸ்ட்வித் என்ற சிறிய பல்கலைக்கழக ஊரில் ஆலன் காக்ஸும் நண்பர்களும் ஹனிவெல் பெருங்கணினியில் எழுதியது. பிறகு சி மொழிக்கு மாறி யூனிக்ஸ் கணினிகள் எங்கும் பரவியது. பின்னாளில் லினக்ஸ் கருவை வளர்த்தவர்களில் முன்வரிசையில் நின்ற அதே ஆலன் காக்ஸ்தான். ஏபர்மட்டில் வாள் உண்டு, அரக்கர் உண்டு, மதிப்பெண் உண்டு. உலகத்தை மாற்ற வேண்டுமானால் மட்டும் எஞ்சினின் நிரலையே திறக்க வேண்டும்.

இரண்டாவது டைனிமட். 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதியது. அங்கே உள்ளே நுழைந்த எவரும் நின்ற இடத்திலிருந்தே ஓர் அறையைத் தோண்டலாம், கதவு வைக்கலாம், வர்ணனை எழுதலாம். சண்டையோ இலக்கோ கிடையாது. கட்டிய பொருளுக்குப் புதிய நடத்தை கற்றுத்தர மொழியும் கிடையாது. உலகம் பெருத்துக்கொண்டே போய், ஓராண்டு நிறைவதற்குள் மூடப்பட்டது.

இந்த இரண்டையும் ஆடிப் பார்த்தவர் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த லார்ஸ் பென்ஷோ. ஒன்றின் விளையாட்டும் மற்றொன்றின் திறந்த வாசலும் சேர்ந்து வேண்டும் என்று நினைத்தார். நல்ல சாகச உலகம் ஒன்றைத் தன்னால் தனியாகக் கற்பனை செய்துவிட முடியாது, ஆடுகிறவர்களிடமே அந்த வேலையைக் கொடுத்தால் அவர்கள் செய்துவிடுவார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையிலிருந்துதான் எஞ்சினின் வடிவமே வந்தது. 1989இல் ஜெனிசிஸ் என்ற பெயரில் திறந்தார். அது இன்றும் ஓடுகிறது.

பென்ஷோ நிரலை இரண்டாகப் பிளந்தார். ஒன்று இயக்கி. இணைப்பு, நினைவகம், நேரம் இவற்றை மட்டும் கவனிக்கும். வாள் என்றால் என்ன, அறை என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. மற்றொன்று மட்லிப். அறை, ஆள், கத்தி, மழை எல்லாம் அங்கே, எல்பிசி என்ற மொழியில் எழுதப்பட்ட கோப்புகளாக இருக்கும். ஆடி ஆடி உயர்ந்த நிலையை எட்டியவர் மந்திரவாதி ஆவார். அவர் பெயரில் ஒரு கோப்புறை கிடைக்கும். அதில் அவர் எழுதியது உலகத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று அருகிலிருந்து பாருங்கள். ஹில்குரோவ் நிலையம் ஒரு கோப்பு என்று வையுங்கள். நடைமேடையில் குரங்குகள் இருக்கின்றன என்ற வரியைச் சேர்த்துச் சேமிக்கிறேன். அப்டேட் கட்டளை கொடுக்கிறேன். நினைவகத்தில் இருந்த பழைய ஹில்குரோவ் அழிகிறது. அடுத்து யார் அந்த அறையை நோக்கிக் காலெடுத்து வைத்தாலும் அந்தக் கணத்தில் இயக்கி கோப்பைப் புதிதாகத் தொகுத்து, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, கொண்டுவருகிறது. குன்னூரில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் அறுபடுவதில்லை. ஒரு கோப்பை அச்சாக வைத்து ஏற்கெனவே நகலெடுத்த பொருள்கள் மட்டும் பழைய நிரலோடு வாழ்ந்து முடியும். புதிய நகல்கள் புதிய நிரலோடு பிறக்கும்.

நம் மலையை நாம் ஒருவர் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. எமரால்டுக்காரர் எமரால்டை எழுத வேண்டும், கொலக்கம்பைக்காரர் கொலக்கம்பையை எழுத வேண்டும். அதற்கென்றே பிறந்த எஞ்சின் இது என்பது என் வாதம்.

மஞ்சூர் மழை எழுதியது:

வரலாறு அருமை. முடிவோடு உடன்பட மாட்டேன்.

கொலக்கம்பைக்காரர் எழுத வேண்டும் என்கிறீர்கள். அவர் எல்பிசி கற்றுக்கொண்டுதான் எழுத வேண்டுமா? டிகுமட் வம்சத்தைப் பாருங்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஐந்து மாணவர்கள் எழுதி 1991இல் வெளியிட்டார்கள்; அந்தத் துறையின் பெயர்ச் சுருக்கம்தான் டிகு. அதில் உலகம் வெறும் உரைக் கோப்பு. அறைக்கு ஓர் எண், ஒரு தலைப்பு, ஒரு பத்தி, அதன் முடிவில் ஓர் அலைக்குறி; வடக்கே போனால் எந்த எண், மேலே ஏறினால் எந்த எண், அவ்வளவுதான். மிட்கார்ட் கோயிலின் எண் 3001 என்பது மட் ஆடிய பாதிப் பேருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் மாலைக்குள் பத்து அறை எழுதிவிடுவாள்.

எளிமையால்தான் அது பெருகியது. மெர்க், 1993இல் ஜெரமி எல்சனின் சர்க்கிள்மட், ரோம், ஸ்மாக் என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1999இல் எவர்குவெஸ்ட் வந்தபோது அதன் ஆட்டமுறை டிகுவை அப்படியே உரித்து வைத்திருப்பதைப் பார்த்து, நிரலையே எடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் கிளம்பியது. டிகுவின் நிரலைப் பயன்படுத்தவில்லை என்று எவர்குவெஸ்டை எழுதியவர்கள் சத்தியப் பிரமாணமே கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து மாணவர்கள் எழுதிய ஒன்றுக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

கேத்திவாசி எழுதியது:

பெருமையை நான் குறைக்கவில்லை. மலை ரயிலை டிகுவில் எப்படி ஓட்டுவீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள். பெட்டி ஓர் அறை. அதில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே பெட்டி ஒரு பொருளும்கூட, கல்லாறு நிலையத்தில் நிற்கும்போது நடைமேடையில் இருப்பவர் கண்ணில் பட வேண்டும். கல்லாற்றுக்கு மேல் பல்சக்கரப் பாதை தொடங்கி குன்னூர்வரை போகிறது. ரயில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்கிறார். குன்னூரில் எஞ்சின் மாறி டீசல் வருகிறது.

டிகுவின் உரைக் கோப்பில் இதில் எதற்கும் இடமில்லை. தனி நடைமுறை என்று சி மொழியில் எழுதி, எஞ்சினோடு சேர்த்துத் தொகுத்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, மீண்டும் தொடங்க வேண்டும். அந்த வேலை கடைசியில் நம்மில் சி தெரிந்த ஓரிருவர் தலையில்தான் விழும். எல்பிசியில் பெட்டி என்ற கோப்பு அறையையும் மரபுரிமையாகப் பெறலாம், பொருளோடும் இணைத்துக்கொள்ளலாம். அடுத்த நிலையத்துக்கு எத்தனை நொடியில் நகர வேண்டும் என்று கால்அவுட் என்ற நேரக்குறிப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் இயக்கி நேரம் பார்த்து எழுப்பிவிடும். ஒரே இடைவெளியில் ஓயாமல் எழுப்பும் ஹார்ட்பீட் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ரயில் நின்றாலும் ஓடினாலும் இரண்டு நொடிக்கொரு முறை அது அடித்துக்கொண்டே இருக்கும், வீண் செலவு.

அருவங்காடு மூத்தவர் எழுதியது:

கேத்திவாசித் தம்பிக்கு. எழுதியது நன்றாக இருக்கிறது. ஒரு கண்ணி விட்டுப்போயிற்று, சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினையும் உலகத்தையும் பிரிக்கும் எண்ணம் எசெக்ஸிலேயே வந்துவிட்டது. டிரப்ஷா முதலில் அசெம்பிளி மொழியில் எழுதிப் பார்த்து, அது கையாள முடியாமல் போகவே பிசிபிஎல் மொழியில் புதிதாக எழுதினார். அப்போது உலகத்தை விவரிப்பதற்கென்று மட்டில் என்ற தனி வரையறை மொழியை உருவாக்கினார். அறை, பொருள், கட்டளை எல்லாம் அந்தக் கோப்பில். எஞ்சின் அதைப் படித்து ஓட்டும்.

எங்கள் காலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, கட்டணம் குறைந்த வழி ஷெல் கணக்குத்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் பார்க்க வழியில்லை என்று மற்றவர்கள் குறைபட்டுக்கொண்ட அதே திரையில், தொலைவிலுள்ள கணினியோடு எழுத்தால் இணைக்கும் டெல்நெட் கட்டளையை அடித்து ஸ்வீடனுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தோம். கோயம்புத்தூரில் வேலை பார்த்த அந்த நாட்களில் இரவு உணவை மறந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு வரி எழுதினால் ஒரு வரி வரும். மெதுவான இணைப்பு என்ற குறையே தெரியாது. நீலகிரியில் இன்றும் பந்தலூர்ப் பக்கம் ஆடி மாதக் காற்றில் தொடர்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எழுத்து விளையாட்டு அங்கேயும் போய்ச் சேரும். அதனால்தான் இந்த முயற்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேத்திவாசி எழுதியது:

நன்றி ஐயா. எசெக்ஸில் மட்டில் மொழி ஏற்கெனவே இருந்ததால் பென்ஷோவின் அடி எங்கே புதிதாக விழுந்தது என்பதும் தெளிவாகிறது. எசெக்ஸில் வரையறைக் கோப்பை முன்கூட்டியே தொகுத்து எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அந்தக் கோப்பு அதை வைத்திருந்த சிலரின் கையில் இருந்தது. கோதன்பர்க்கில் உலகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்குள் இருப்பவரே மாற்றினார்.

கூடலூர் நிரலர் எழுதியது:

வரலாறு ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் தமிழில் கட்டப்போகிறோம். அதை யாரும் இன்னும் தொடவே இல்லை.

சர்க்கிள்மட்டைக் கணினியில் ஏற்றி, உள்ளே போய், ‘வணக்கம்’ என்று தட்டினேன். வெறும் வரி போனது. நிரலைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பைட்டையும் எடுத்து, இது ஆஸ்கியா (ஆங்கில எழுத்துகளுக்கான 0 முதல் 127 வரையிலான பழைய குறியீடு), அச்சிடத் தக்கதா என்று இரண்டு கேள்வி கேட்கிறது. இல்லை என்றால் சத்தமில்லாமல் தூக்கி எறிகிறது. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்றுமே 127க்கு மேல். ஒன்றுகூடத் தேறாது. அந்தச் சோதனையை எடுத்துவிடலாம். எடுத்தால் அடுத்த தொல்லை வரும். குன்னூர் என்ற பெயர் நம் கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோடில் 8 குறி, எஞ்சினுக்கு 24 பைட். 20 பைட்டில் பெயரை வெட்டும் எஞ்சின், கடைசி எழுத்தின் புள்ளியை விழுங்கி அதன் ரகரத்தையும் பாதியில் அறுத்துவிடும். திரையில் கட்டம் கட்டமாக வரும்.

எல்பி வம்சத்தில் இதற்கு விடை இருக்கிறது. பென்ஷோவுக்குப் பிறகு இயக்கி பல கிளையாகப் பிரிந்தது. மட்ஓஎஸ் ஒன்று, அதிலிருந்து டிஸ்க்வேர்ல்ட் மட் ஆட்கள் வளர்த்த ஃபுளஃப்ஓஎஸ். அமிலார் வழியாக வந்த எல்டிமட் இன்னொன்று. ஃபெலிக்ஸ் க்ரோஸ் முற்றிலும் புதிதாக எழுதிய டிஜிடி மூன்றாவது. இவற்றில் ஃபுளஃப்ஓஎஸ் இன்று யூடிஎஃப்-8ஐ முழுமையாக ஏற்கிறது. சரத்தின் நீளத்தைக் கேட்டால் குன்னூருக்கு 4 என்றே சொல்கிறது. உலாவியிலிருந்து நேராக நுழைய வெப்சாக்கெட்டும் இருக்கிறது. டெல்நெட் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

கட்டளை அமைப்பையும் நாமே எழுத வேண்டியிருக்கும். பழைய எஞ்சின்கள் முதல் சொல்லை வினை என்று எடுத்துக்கொள்ளும். நாம் ‘மரத்தை வெட்டு’, ‘வீட்டைத் திற’ என்று வினையைக் கடைசியில் வைப்போம். பெயரும் வேற்றுமை ஏறியதும் உருமாறிவிடும். டிகுவில் இந்தப் பகுதி எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கிறது. எல்பியில் மட்லிப்பில் இருக்கிறது. திருத்தலாம், சோதிக்கலாம், இரவோடு இரவாகத் திரும்பவும் திருத்தலாம்.

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

எஞ்சினைப் பற்றிப் பேசும்போது அது கூடவே கொண்டுவரும் பழக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

டிகுவில் ஆடுகிறவர் அல்லாத உயிர் எல்லாமே மாப். காவலர், கடைக்காரர், கிழவி, நாய் எல்லோருக்கும் உயிர்ப்புள்ளி, தாக்கும் வலு, கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி. அந்தக் கட்டங்களை நிரப்பாமல் ஓர் ஆளைப் படைக்கவே முடியாது. நம் உலகத்தில் தோடர் மந்து வரும், கோத்தர் ஊர் வரும், படுகர் ஹட்டி வரும், இருளரும் குறும்பரும் வருவார்கள். அவர்களுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்று என் மாணவி எழுத வேண்டுமா? தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நிற்பது எங்கள் ஊரில் அன்றாடக் காட்சி. பார்த்தவுடன் ஒதுங்கி நிற்கத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். விளையாட்டில் அதை வெட்டினால் புள்ளி என்றால் நான் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர மாட்டேன்.

எவென்னியா என்று ஒன்றைப் படித்தேன். 2006இல் கிரெக் டெய்லர் பைத்தான் மொழியில் தொடங்கியது. இப்போது கிரியாட்ச் என்ற பெயரில் இயங்குபவர் முன்னின்று வளர்க்கிறார். அதில் தொடக்கத்தில் சண்டையே இல்லை, உயிர்ப்புள்ளியும் இல்லை. வெறும் அறை, ஆள், பொருள், வழி. பைத்தான் எங்கள் பள்ளியிலேயே சொல்லித்தருகிறோம். தமிழும் தடையில்லாமல் வேலை செய்கிறது. அதை ஏன் யாரும் பேசவில்லை?

மஞ்சூர் மழை எழுதியது:

டீச்சர் சொன்னது என்னைத் தைக்கிறது. இத்தனை ஆண்டு ஆடியும் இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சர்க்கிள்மட்டின் வழிவந்த டிபாமட்டில் டிஜி ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்மொழி இருக்கிறது, அதை வைத்து ரயிலைக்கூட ஓட்டிவிடலாம் என்று பதில் எழுத வந்தேன். அது உண்மைதான். ஆனால் மனிதரை மாப் கட்டத்தில் போடாமல் டிகுவில் வழியில்லை. எவென்னியாவுக்கு என் ஓட்டு.

மின்வெட்டையும் நினையுங்கள். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எவென்னியா எதை மாற்றினாலும் தரவுத்தளத்தில் எழுதிவிடும், வழக்கமாக எஸ்கியூலைட். மின்சாரம் போய் வந்தால் மேசைமேல் வைத்த குடை மேசைமேலேயே இருக்கும். எல்பி உலகம் நினைவகத்தில் வாழ்வது. சேமிக்கச் சொன்ன பொருள்தான் மிஞ்சும், மற்றதெல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும்.

கேத்திவாசி எழுதியது:

டீச்சரின் கவலை என் கவலையும். எல்பியின் இயக்கிக்குக் கொலை என்றால் என்னவென்றே தெரியாது. அது மட்லிப்பில் இருக்கும் ஒரு கோப்பு. பழைய மட்லிப்புகளை எடுத்தால் வாளும் அரக்கரும் கூடவே வரும். எடுக்காமல் வெறும் இயக்கியின் மேல் நாமே சிறிய மட்லிப் எழுதினால், ‘உயிர்’ என்ற கோப்பில் நாம் வைப்பதுதான் இருக்கும்: பெயர், பேச்சு, எங்கே நடமாடுவார், யாருக்கு எதைச் சொல்வார். காட்டெருமைக் கோப்பில் அருகே போனால் அது முட்டும், விலகி நின்றால் போய்விடும் என்று இரண்டு வரி போதும்.

எவென்னியா நல்ல எஞ்சின், அதில் சந்தேகமில்லை. இணைப்பைத் தாங்கும் பகுதியையும் ஆட்டத்தை ஓட்டும் பகுதியையும் இரண்டு தனிச் செயலாக வைத்திருப்பதால், நிரலை மாற்றி மறுஏற்றம் செய்தாலும் யாரும் துண்டிக்கப்பட மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கேளுங்கள் டீச்சர். உங்கள் மாணவிக்குப் பைத்தான் எழுதும் உரிமை கொடுத்தால், அந்தக் கணினி முழுவதையும் அவள் கையில் கொடுத்ததாகிவிடும். விளையாட்டுக்குள் ஓடும் பைத்தானுக்கு வேலி போடுவது யாராலும் நம்பிச் செய்ய முடிந்த காரியம் அல்ல. எவென்னியாவை எழுதியவர்களும் ஆடுகிறவர் உள்ளிருந்தே நிரல் எழுதுவதை ஊக்குவிப்பதில்லை. ஆகவே நம்பிக்கையான நான்கு பேர் எழுத, மற்றவர்கள் ஆடுவார்கள்.

எல்பிசி பிறந்ததே முன்பின் தெரியாதவர் எழுதுவதற்காக. எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று ஒவ்வொரு முறையும் இயக்கி, மட்லிப்பில் அனுமதிகளை முடிவு செய்யும் தலைமைப் பொருளிடம் கேட்கும். தவறி முடிவில்லாச் சுழலை எழுதிவிட்டால், குறித்த அளவு கணக்கு ஓடியதும் இயக்கி அதை மட்டும் நிறுத்தி, எழுதியவருக்குப் பிழை வரியைக் காட்டும். மற்றவர் ஆட்டம் நிற்காது. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் துணிந்து தவறு செய்து கற்கலாம். இந்த ஒரு குணத்துக்காகவே நான் விடாப்பிடியாக நிற்கிறேன்.

மின்வெட்டுக்கு விடை: எதைக் காப்பது என்று நாமே முடிவு செய்து சேமிக்கச் சொல்லலாம். பொருளின் மாறிகளை இயக்கி ஓர் உரைக் கோப்பில் எழுதி வைக்கும். குடை தொலையலாம், மாணவி எழுதிய அறை தொலையாது. அது வட்டில் கோப்பாகவே இருக்கிறதே.

அருவங்காடு மூத்தவர் எழுதியது:

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒரு விடுதிக்காரர் விளம்பரத்துக்குப் பணம் தருவதாக என்னிடம் சொன்னார். பென்ஷோவின் நிரலில் காசு சம்பாதிக்கக்கூடாது என்ற விதி இருந்தது. எல்டிமட் அதை இன்றும் சுமக்கிறது. ஸ்வீடனிலேயே இந்த விதி ஒரு புதிய மொழியைப் பிறப்பித்தது. எல்பிசியை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாததால் ஃப்ரெட்ரிக் ஹியூபினெட் 1994இல் அதைப் புதிதாக எழுதினார். 1996இல் பைக் என்று பெயர் மாறி, ராக்ஸன் இணையச் சேவையகம் அதில் ஓடியது. விளையாட்டுக்குச் செய்த மொழி இணையதளங்களைத் தாங்கியது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

என் யோசனை: அந்தப் பணம் வேண்டாம்.

கோத்தகிரி டீச்சர் எழுதியது:

பணம் வேண்டாம் என்பதற்கு முழு ஆதரவு. வேலியைப் பற்றிக் கேத்திவாசி சொன்னதும் எனக்கு ஏற்புடையது. இரண்டு நிபந்தனை மட்டும். கொலை இல்லாத மட்லிப். பழங்குடி ஊர்களை அந்தந்த ஊர்க்காரர் எழுதினால் மட்டும் சேர்ப்பது. எழுத முன்வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும், நாம் கற்பனையில் நிரப்ப வேண்டாம்.

மஞ்சூர் மழை எழுதியது:

அப்படியானால் நானும் ஃபுளஃப்ஓஎஸ்ஸுக்கே வருகிறேன். அறையை எழுதுகிறவர் எல்பிசி பார்க்காமல் தலைப்பு, பத்தி, வழி மட்டும் நிரப்பும் ஒரு படிவம் வேண்டும். டிகுவின் அந்த நல்ல குணத்தை விடக்கூடாது. படிவத்தை நான் செய்து தருகிறேன்.

கூடலூர் நிரலர் எழுதியது:

ஃபுளஃப்ஓஎஸ் இயக்கியை ஒரு பழைய மடிக்கணினியில் தொகுத்து ஓடவிட்டிருக்கிறேன். மடிக்கணினி என்பதால் சிறிய மின்வெட்டை அதன் பேட்டரியே தாங்கும். இப்போதைக்கு உள்ளே தலைமைப் பொருள், ஆள், அறை என்று மூன்று கோப்புகள்தான். இரண்டு பேர் நுழைந்து தமிழில் பேசிக்கொள்ள முடிகிறது.

மேலிருந்து கீழாக நிலையங்களைப் பிரித்துக்கொள்வோம். உதகை, லவ்டேல் அருவங்காடு ஐயாவின் பொறுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். கேத்தி சொல்லவே வேண்டாம். அருவங்காடு, வெலிங்டன், குன்னூர் மூன்றையும் டீச்சரின் மாணவிகள் கேட்டிருக்கிறார்கள். ஹில்குரோவும் கல்லாறும் மஞ்சூர் நண்பருக்கு. காட்டேரி ரோட்டையும் மேட்டுப்பாளையத்தையும் நான் எழுதுகிறேன். ரன்னிமேடு, ஆடர்லி இரண்டுக்கும் ஆள் தேவை. அந்தப் பாதையில் நடந்து பழகியவர் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், கோப்புறை திறந்து தருகிறேன்.